விளக்கு எரிகிறது, வண்டி ஏன் கிளம்பவில்லை?

எங்கள் புளோக்கில் வசிக்கும் அங்கிள் ஒருவரிடம் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போவார். தோசை சாப்பிடுவார், தேக்கா சந்தையில் காய்கறி வாங்குவார், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போக முடியாது. குறைந்தது 35 ஆண்டு ஆன வாகனங்களை இங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மீதி 320 நாளும் அது உறைபோட்டு மூடி நிற்க வேண்டியதுதான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, வாகன நிறுத்துமிடத்தில் அவரும் அவருடைய மகனும் நின்றிருந்தார்கள். மகனின் வண்டி வாங்கி நான்கே ஆண்டு ஆனது. வேலை நிமித்தமாக இரண்டு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு முதல்நாள்தான் திரும்பியிருந்தார். சாவியைத் திருப்பினால் முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. பொத்தானை அழுத்தினால் 'டிக் டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

"லைட்டு நல்லா எரியுதே சார், அப்போ பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்று மகன் என்னைக் கேட்டார்.

அதற்குள் அங்கிள் தம் புல்லட்டின் பக்கம் போயிருந்தார். அதுவும் ஏழெட்டு வாரமாக நின்ற வண்டிதான். அதில் பொத்தானே கிடையாது. முதல் உதையில் இருமியது. இரண்டாவது உதையில் 'டப் டப்' என்று ஓடத் தொடங்கியது.

புதிய வண்டி படுத்துக்கொள்ள, பழைய வண்டி எழுந்தது எப்படி? மகன் கேட்ட கேள்வி பார்ப்பதற்குச் சிறியது. அதற்குப் பதில் சொல்ல, நீங்கள் வகுப்பில் படிக்கும் அழுத்தம், ஆற்றல், திறன், மின்தடை ஆகிய நான்குமே தேவைப்படும்.

இயந்திரம் தானாக ஏன் தொடங்காது?

மின்விசிறியின் பொத்தானைத் தட்டினால் அது சுழல்கிறது. பெட்ரோல் இயந்திரம் அப்படி இல்லை. அது நான்கு வீச்சுகளில் இயங்குகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வருகிறது. அது மேலே ஏறும்போது கலவை அழுத்தப்படுகிறது. தீப்பொறி பட்டுக் கலவை எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. மறுபடி மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கில் ஆற்றல் தருவது ஒரே ஒரு வீச்சுதான். மற்ற மூன்றுக்கும் யாராவது பிஸ்டனை நகர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் ஃபிளைவீல் எனும் கனமான சக்கரம், முன்பு வாங்கிச் சேர்த்த ஆற்றலைக் கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. நின்றுபோன இயந்திரத்திடம் சேமிப்பே இல்லை. முதல் கடனை வெளியிலிருந்து யாராவது கொடுத்தாக வேண்டும். கொடுப்பது உங்கள் காலாக இருக்கலாம், அல்லது பேட்டரியாக இருக்கலாம்.

எவ்வளவு கடன்? புல்லட் 350 வண்டியின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 346 கனசென்டிமீட்டர் வரும். பெயரிலுள்ள 350 அதிலிருந்து வந்ததுதான். கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை மாறாவிட்டால், பாயில் விதிப்படி அழுத்தம் ஏழு மடங்காகும். ஆனால் வேகமாக அழுத்தும்போது வாயு சூடாகிறது, அதனால் அழுத்தம் இன்னும் கூடும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வளையங்களின் வழியே கொஞ்சம் கசியவும் செய்யும். ஆகவே சுமார் ஒன்பது வளிமண்டல அழுத்தம் என்று எடுத்துக்கொள்வோம். பிஸ்டனுக்குக் கீழே ஒரு வளிமண்டலம் இருப்பதால் வித்தியாசம் எட்டு.

ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நியூட்டன். பிஸ்டனின் பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். எட்டு, பத்து, 38.5 மூன்றையும் பெருக்கினால் 3,080 நியூட்டன். அதாவது பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது, ஏறத்தாழ 300 கிலோ எடை அதன் தலைமேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

அங்கிளின் எடை 60 கிலோ இருக்கும்.

காலா, கணக்கா?

இங்கேதான் எனக்குப் புல்லட் மிகவும் பிடித்துப்போகிறது. இந்த வண்டி முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவானது. 1955ல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சென்னையின் திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரிக்க ஆரம்பித்தன. தாய்நாட்டில் உற்பத்தி நின்ற பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய பழைய புல்லட்டுகளை ஸ்டார்ட் செய்வது தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையாக இருந்தது. பலத்தால் உதைப்பவர்கள் தோற்பார்கள். முறை தெரிந்தவர்களுக்கு ஒல்லியான கால் போதும்.

அங்கிள் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். முதலில் கிக்கரை மெதுவாக அழுத்தினார். ஓரிடத்தில் அது கல்லாக நின்றது. பிஸ்டன் அழுத்த வீச்சில் பாதி ஏறி மாட்டிக்கொண்டது என்று பொருள். அங்கிருந்து உதைப்பது வீண். கைப்பிடியிலிருந்த ஒரு சிறு நெம்புகோலை இழுத்தார். அதன் பெயர் டிகம்ப்ரெஸர். அது சிலிண்டரிலுள்ள வாயு வெளியேறச் சிறு வழி திறந்துவிடும். 'புஸ்' என்று காற்று போனதும் கிக்கர் இளகியது. அப்படியே அங்குலம் அங்குலமாக நகர்த்தியபடி, விளக்குக் கூட்டின்மேல் பதித்த ஆம்மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருபக்கம் சாய்ந்திருந்த முள் சட்டென்று நடுவுக்கு வந்தது.

அந்த முள் என்ன சொல்கிறது? தீப்பொறிக்கான மின்சுற்றில் 'பாயின்ட்' எனப்படும் இரண்டு உலோகத் தொடுமுனைகள் உண்டு. அவை சேர்ந்திருக்கும்வரை பேட்டரியிலிருந்து மின்னோட்டம் போகும், முள் சாயும். பிரியும்போது மின்னோட்டம் நிற்கும், முள் நடுவுக்கு வரும். அவை பிரிவது பிஸ்டன் உச்சியை ஒட்டி இருக்கும் நேரத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை ஒரு மின்னளவி காட்டிக்கொடுக்கிறது!

இப்போது டிகம்ப்ரெஸரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழுதும் உதைத்தார். பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டி நிற்பதால், அடுத்த அழுத்த வீச்சு வருவதற்குமுன் மூன்று இலகுவான வீச்சுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் கால் கொடுத்த ஆற்றலெல்லாம் ஃபிளைவீலில் சேர்கிறது. சுவரைக் கையால் தள்ளாமல், தூரத்திலிருந்து ஓடிவந்து மோதுவதைப்போல, வேகம் எடுத்த சக்கரம் அந்த 300 கிலோவை எதிர்கொள்கிறது.

ஆற்றல் கணக்கையும் பார்த்துவிடுவோம். 60 கிலோ மனிதர் தம் எடை முழுவதையும் கிக்கரின்மேல் போட்டால் விசை 600 நியூட்டன். கிக்கர் இறங்கும் தூரம் சுமார் 0.3 மீட்டர். வேலை 180 ஜூல். ஒருமுறை அந்தக் கலவையை அழுத்த உராய்வு நீங்கலாக 40 முதல் 80 ஜூல் வரைதான் தேவை. ஆக, ஆற்றல் போதும், மிச்சமும் இருக்கிறது. சரியான இடத்திலிருந்து தொடங்காவிட்டால்தான் போதாது.

ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தீப்பொறி பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே வரும்படி அமைக்கப்பட்டிருக்கும். அரைமனதாக உதைத்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டாமல் நிற்கும்போதே கலவை எரிந்து, அதைத் திருப்பி அடிக்கும். கிக்கர் காலைத் தூக்கி எறியும். கணுக்கால் முறிந்தவர்கள் உண்டு. ஆகவே பெரியவர் துணையில்லாமல் யாருடைய வண்டியிலும் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

மல்டிமீட்டர் சொன்ன பதில்

இனி மகனின் வண்டி. வீட்டுக்குப் போய் மல்டிமீட்டரை எடுத்துவந்தேன். அறிவியல் ஆசிரியர் வீட்டில் உப்பு இல்லாமல் போகலாம், மல்டிமீட்டர் இல்லாமல் போகாது.

எதையும் போடாமல் அளந்தபோது 12.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். முன்விளக்கு எரியும்போது 11.6 வோல்ட். பொத்தானை அழுத்திய கணத்தில் எண் 5க்குக் கீழே விழுந்தது!

மின்னழுத்தம் எங்கே போயிற்று? ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளேயே ஒரு சிறு மின்தடை உண்டு. அதை அகமின்தடை என்கிறோம். மின்னோட்டம் பேட்டரியை விட்டு வெளியே வருமுன் இந்தத் தடையைக் கடந்துதான் வர வேண்டும். கடக்கும்போது இழக்கும் வோல்ட் எவ்வளவு என்பதை ஓம் விதி சொல்லும். மின்னோட்டத்தை அகமின்தடையால் பெருக்கினால் போதும்.

அந்த முன்விளக்கு 60 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். 5 ஆம்பியர் போனபோது 0.5 வோல்ட் குறைந்தது. ஆகவே அகமின்தடை 0.1 ஓம். 'இவ்வளவு சிறிய எண்ணா!' என்று தோன்றும். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பது 5 ஆம்பியர் அல்ல. சுமார் 80 ஆம்பியர். 80ஐ 0.1ஆல் பெருக்கினால் 8 வோல்ட். இருக்கும் 12ல் 8 வோல்ட்டை பேட்டரியே விழுங்கிவிட்டால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? நல்ல பேட்டரியின் அகமின்தடை 0.02 ஓம் அளவில் இருக்கும். அதில் இழப்பு 1.6 வோல்ட்தான்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மின்மோட்டார் அதிக மின்னோட்டத்தைக் கேட்பது வேகமாகச் சுழலும்போது அல்ல. அசையாமல் நிற்கும்போது! சுழலத் தொடங்கிய பிறகு மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, பேட்டரிக்கு மிகக் கடினமான சோதனை முதல் நொடியிலேயே வந்துவிடுகிறது.

'டிக் டிக்' சத்தத்துக்கும் இதுவே காரணம். பொத்தானை அழுத்தினால், மின்காந்தத்தால் இயங்கும் ரிலே ஒன்று மோட்டாரின் பெரிய மின்சுற்றை மூடும். மூடியதும் வோல்ட் சரியும். மின்காந்தம் வலுவிழந்து ரிலே திறந்துகொள்ளும். திறந்ததும் சுமை நீங்கி வோல்ட் மீளும், ரிலே மறுபடி மூடும். நொடிக்குப் பலமுறை இந்தக் கண்ணாமூச்சி நடக்கிறது.

இப்போது ஒரு முரணைப் பாருங்கள். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக இருக்கும்போது அதிலுள்ள ஆற்றல் 12 பெருக்கல் 8 பெருக்கல் 3,600, அதாவது 3,45,600 ஜூல். ஒருமுறை மூன்று நொடி ஸ்டார்ட் செய்ய 12 பெருக்கல் 80 பெருக்கல் 3, அதாவது 2,880 ஜூல். வகுத்தால் 120 முறை ஸ்டார்ட் செய்யலாம் என்று வரும். மகனின் பேட்டரியில் பாதி மிஞ்சியிருந்தாலும் 60 முறைக்குப் போதும். ஆற்றல் இருக்கிறது, ஆனால் அதை வேண்டிய வேகத்தில் வெளியே எடுக்க முடியவில்லை. ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் என்பதைத்தான் 'திறன்' என்கிறோம். தேர்வுத்தாள்களில் ஆற்றலையும் திறனையும் மாற்றி எழுதும் மாணவர்களுக்கு இனி இந்த வண்டியைத்தான் காட்டப்போகிறேன்.

அங்கிளின் புல்லட் பேட்டரியும் புதிதல்ல. அதன் அகமின்தடையும் கூடியிருக்கலாம். ஆனால் அதனிடம் கேட்கப்படுவது தீப்பொறிக்கான நான்கைந்து ஆம்பியர் மட்டுமே. விளக்கை எரிக்கக்கூடிய பேட்டரி தீப்பொறியையும் தரும். 300 கிலோவைத் தள்ளும் வேலையைக் கால் ஏற்றுக்கொண்டது.

நின்ற இடத்தில் ஏன் கெடுகிறது?

இரண்டு மாதம் யாரும் தொடாத வண்டியில் பேட்டரி எப்படித் தீரும்? புதிய வண்டிகளில் கடிகாரம், திருட்டுத் தடுப்புக் கருவி போன்றவை சாவியை எடுத்த பிறகும் கொஞ்சம் மின்னோட்டம் எடுத்துக்கொண்டே இருக்கும். 5 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 24 மணி, 60 நாள் என்று பெருக்கினால் 7.2 ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும்! மகனின் வண்டியில் அந்த அளவுக்குப் போகவில்லை என்பது 12.1 வோல்ட்டிலிருந்து தெரிகிறது.

ஒன்றுமே இணைக்காவிட்டாலும் ஈய-அமில பேட்டரி உள்ளே நடக்கும் வேதிவினையால் மெல்லத் தன் மின்னேற்றத்தை இழக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆண்டு முழுதும் வெப்பமான நம் ஊர் பேட்டரிக்கு உகந்தது அல்ல. மின்னேற்றம் குறைந்த நிலையில் நெடுநாள் நிற்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்ஃபேட் படிகங்கள் கடினமாக வளர்கின்றன. வினை நடப்பதற்கான பரப்பு குறைகிறது, அகமின்தடை ஏறுகிறது. பிறகு சார்ஜ் செய்தாலும் முழுதாக மீளாது.

பொத்தானின் கதை

'அப்படியானால் உதைப்பதே சிறந்தது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர், உயரம் குறைந்தவர், சரிவான சாலையில் பச்சை விளக்கு விழுந்தபின் இயந்திரம் நின்று, பின்னால் லாரி ஹாரன் அடிக்கக் கேட்டவர் ஆகியோரிடம் கேட்டால் பொத்தானின் அருமை புரியும்.

கார்களில் அந்தப் பொத்தானைக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங். 1912ல் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்குமுன் காரின் முன்னால் நின்று இரும்புக் கம்பியைக் கையால் சுழற்ற வேண்டும். அது திருப்பியடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். கெட்டரிங் முன்பு கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். அங்கே கற்ற பாடம்: சில நொடிகளே வேலை செய்யும் மோட்டார் பெரிதாக இருக்கத் தேவையில்லை. சிறிய மோட்டாரைத் தன் அளவுக்கு மீறி உழைக்க வைக்கலாம், சூடேறுமுன் நிறுத்திவிடலாம். ஸ்டார்ட்டர் பொத்தானை விடாமல் அழுத்தக்கூடாது என்று வண்டிக் கையேடுகள் சொல்வது இதனால்தான்.

மோட்டார் சைக்கிளில் இது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1914லேயே ஹெண்டி ஸ்பெஷல் என்ற வண்டியில் மின் ஸ்டார்ட்டர் வைத்தது. அக்கால பேட்டரிகள் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த ஆண்டோடு அது கைவிடப்பட்டது. பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட் பேட்டரிதான் இருந்தது. அதே திறனை 6 வோல்ட்டில் பெற மின்னோட்டம் இரு மடங்காக வேண்டும். கம்பிகளில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் நான்கு மடங்காகும். ஹார்லி டேவிட்சன் 1965ல் எலெக்ட்ரா கிளைடு வண்டிக்குப் பொத்தான் வைத்தபோது 12 வோல்ட்டுக்கு மாறியதன் பின்னணி இந்தக் கணக்குதான். பிரிட்டனின் நார்ட்டன் கமாண்டோவுக்கு 1975ல் மின் ஸ்டார்ட்டர் வந்தது. பெரிய இயந்திரம், வலுக்குறைந்த ஸ்டார்ட்டர். உரிமையாளர்கள் பலர் பொத்தானை அழுத்திக்கொண்டே உதைத்தார்கள். ஹோண்டாவோ 1960லேயே சின்னஞ்சிறு சூப்பர் கப் வண்டிக்குப் பொத்தான் பொருத்திவிட்டது. நம் ஊரில் 'கப்சாய்' என்று அழைக்கும் வண்டிகளின் மூதாதை அதுதான். சிறிய சிலிண்டரை அழுத்தச் சிறிய மோட்டார் போதும் அல்லவா?

புல்லட்டும் மாறிவிட்டது. 2023ல் வந்த புதிய புல்லட் 350 வண்டியில் கிக்கர் கிடையாது. எரிபொருளைப் பம்பும் கணினியும் சேர்ந்து செலுத்தும் இக்கால வண்டிகளில் பேட்டரி அடியோடு செத்துவிட்டால் உதைத்தும் பயனில்லை, தள்ளியும் பயனில்லை. ஆனால் மகனின் பேட்டரியில் பம்புக்கும் தீப்பொறிக்கும் போதுமான அளவு இருந்தது. கியரில் போட்டுத் தள்ளியிருந்தால் கிளம்பியிருக்கலாம். எங்கள் நிறுத்துமிடத்தில் அதற்கு இடமில்லை.

வீட்டில் நீங்களே சோதிக்கலாம்

பழைய டார்ச் மின்கலம் ஒன்றும் புதியது ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மல்டிமீட்டரால் தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிறிய டார்ச் பல்பை இணைத்து, எரியும்போதே மீண்டும் அளங்கள். எது அதிகம் சரிகிறது? பல்பின் வழியே போகும் மின்னோட்டத்தையும் அளந்தால் ஒவ்வொன்றின் அகமின்தடையையும் கணக்கிட்டுவிடலாம். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் நேரடியாக இணைக்காதீர்கள். வாகன பேட்டரியில் இதைச் செய்யவே கூடாது. அது கம்பியை உருக்கும் அளவுக்கு மின்னோட்டம் தரும்.

மகன் பேட்டரியைக் கழற்றி இரவு முழுதும் சார்ஜில் போட்டார். மறுநாள் மாலை அளந்தோம். சும்மா இருக்கையில் 12.6 வோல்ட். அவர் முகத்தில் சிரிப்பு. பொத்தானை அழுத்தியதும் 6 வோல்ட், மறுபடி 'டிக் டிக்'. புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தியபோது, அழுத்திய கணத்திலும் எண் 10.9ஐ விட்டு இறங்கவில்லை. பழையதை மறுசுழற்சிக்காகக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த முதல் ஞாயிறு தோசை என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? மகன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "தம்பி, உங்களுக்கும் ஒண்ணு பார்சல் வாங்கிட்டு வரவா?" என்று அங்கிள் கேட்டார். புல்லட் சத்தத்தில் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.